நந்தனார் சரித்திரத்தின் வேதியர் யார் படைப்பு? கோபாலகிருஷ்ண பாரதியாரைப் பற்றி ஒரு விரிவான பதில்

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: கோபாலகிருஷ்ண பாரதியார் 19ஆம் நூற்றாண்டில் இயற்றிய இசைக்கதையான நந்தனார் சரித்திரத்தில், புலையர் குலத்து நாயனாரான நந்தனைச் சிதம்பரம் போகவிடாமல் தடுக்கும் வேதியர் பெரியபுராணத்தில் இல்லை என்கிறார்களே, அப்படியானால் பாரதியார் நாயனார் கதையைத் திரித்துவிட்டாரா, அவர் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லப்படும் செய்திகளிலும் இப்படிக் கலப்பு உண்டா, கச்சேரிகளில் அவர் பெயரால் பாடப்படுபவை எல்லாம் அவருடையவைதாமா என்பது. கேள்வி மூன்றாகத் தோன்றினாலும், பாட்டும் மெட்டும் தாமே அமைக்கும் ஒரு வாக்கேயக்காரரைப் பற்றி நாம் கேள்விப்படுவதில் எதை ஆதாரமுள்ளது என்று கொள்வது என்ற ஒரே ஐயம்தான் அதன் அடியில் இருக்கிறது. நான் வாய்ப்பாட்டு கற்பிப்பவன். பாரதியாரின் கீர்த்தனைகளை நெடுங்காலமாகப் பாடியும் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். சுவடி ஆராய்ச்சி என் துறை அன்று. ஆகவே இசை, கதையமைப்பு ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதில் பழக்கத்தின் உறுதி இருக்கும். வரலாற்றுச் செய்திகளில் நூல்களை ஒப்பிட்டுப் பார்த்த ஒரு வாசகனின் உறுதிக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

முதல் கேள்விக்கு நேரான விடை: ஆம், அந்த வேதியர் பாரதியாரின் படைப்பே. இதில் ஐயம் எழ வழியில்லை, ஏனெனில் முந்தைய நூல்கள் மூன்றும் நம் கையில் இருக்கின்றன. திருநாளைப்போவார் என்பது நந்தனாரின் மறுபெயர். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் "செம்மையே திருநாளைப்போவார்க்கும் அடியேன்" என்று ஓர் அடியோடு நிறுத்திக்கொள்கிறார். நம்பியாண்டார் நம்பி திருத்தொண்டர் திருவந்தாதியில் ஒரே பாட்டில் அவருடைய ஆதனூரையும், தில்லை அம்பலத்தான் அருளையும், தில்லை அந்தணர் மூவாயிரவர் கைகூப்ப அவர் முனியானதையும் சொல்லிவிடுகிறார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதை 37 பாடல்களாக விரிக்கிறார். இந்த மூவரிடத்திலும் பண்ணை முதலாளியான ஆண்டை இல்லை. நாற்பது வேலி நிலம் இல்லை. ஒரே இரவில் நடந்து முடியும் அறுவடை இல்லை.

அப்படியானால் சேக்கிழாரின் நந்தனாரைத் தடுப்பது எது? இதை நின்று கவனிக்க வேண்டும், பாரதியார் செய்த மாற்றத்தின் அளவு அப்போதுதான் தெரியும். சேக்கிழாரின் நாயனார் கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் கொடுத்துத் தொண்டு செய்கிறார். தில்லைக்குப் போக வேண்டும் என்ற ஆசை எழுந்த இரவில் அவருக்கு உறக்கம் வரவில்லை. பொழுது விடிந்ததும் தம் குலத்தை எண்ணி, "உறுகுலத்தோடு இசைவில்லை" என்று தாமே நின்றுவிடுகிறார். ஆசை மீண்டும் மேலிட, "நாளைப் போவேன்" என்கிறார். இப்படியே நாட்கள் கழிகின்றன. வழியில் குறுக்கே நின்று தடுப்பவர் யாரும் இல்லை. சமூகத்தின் தடை அவருடைய மனத்துக்குள்ளேயே குடியேறிவிட்டது. புராணக் கவிஞருக்கு இந்தத் தயக்கத்தை ஒரு விருத்தத்தில் வடித்துவிட முடிகிறது. வாசிப்பவரும் ஒரு நொடி நின்று அதை உணர்ந்துகொள்கிறார்.

ஆனால் பாரதியார் எழுதியது இரவு முழுவதும் கூட்டத்தை உட்கார வைக்க வேண்டிய, பாட்டும் பேச்சுமாகக் கதை சொல்லும் கதாகாலட்சேபத்துக்கு. மனத்துக்குள் நடக்கும் தயக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பாகவதர் நான்கைந்து மணி நேரம் கதை நடத்த முடியாது. எதிரே நின்று பேசுவதற்கு ஓர் ஆள் வேண்டும். எனவே பாரதியார் அந்தத் தடையை நாயனாரின் நெஞ்சிலிருந்து வெளியே எடுத்து, அதற்கு ஒரு முகமும் குரலும் நிலமும் கொடுத்தார். நந்தன் பண்ணையாள் ஆகிறான். வேதியர் ஆண்டை ஆகிறார். "மார்கழி மாதம் திருவாதிரை நாள் வரப்போகுது ஐயே" என்று நந்தன் விடை கேட்கிறான்; "மாடு தின்னும் புலையா, உனக்கு மார்கழித் திருநாளா?" என்று வேதியர் சீறுகிறார். நந்தனின் பக்திப் போக்கு பிடிக்காத சேரிப் பெரியவர்களையும் பாரதியார் கொண்டுவருகிறார். தடை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருவதில்லை. கடைசியில் நாற்பது வேலியிலும் வெள்ளாமையை முடித்துவிட்டுப் போ என்று வேதியர் நிபந்தனை போடுகிறார். தஞ்சைப் பகுதிக் கணக்கில் வேலி என்பது ஏறத்தாழ ஆறரை ஏக்கர். அப்படியானால் 260 ஏக்கர் வேலை. சிவகணங்கள் அதை ஓர் இரவில் முடிக்கின்றன. விடிந்து வந்து பார்க்கும் வேதியர் நந்தனின் காலில் விழுகிறார்.

இதைத் திரிபு என்பதா? கதையின் நிகழ்ச்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டால், ஆம், மூலத்தில் இல்லாததைச் சேர்த்திருக்கிறார். ஆனால் சேக்கிழாரிடம் இல்லாத கொடுமையை அவர் எங்கிருந்தோ கற்பனையாகக் கொண்டுவந்தார் என்று நான் நினைக்கவில்லை. காவிரிக் கழிமுகத்தின் பெரும்பண்ணைகளில் 19ஆம் நூற்றாண்டில் பண்ணையாட்கள் வாழ்ந்த வாழ்க்கை அவர் தினமும் கண்ணால் கண்டது. அவரே அந்தணர், அந்தண மிராசுதார்களின் ஆதரவில் வாழ்ந்தவர், அந்த மிராசுதார்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கும் கதையில் அந்தண ஆண்டையைக் கொடியவராக நிறுத்தினார். அதே சமயம் இதை மிகைப்படுத்தவும் கூடாது. தில்லையில் நந்தன் தீயில் இறங்கித் தூய்மை பெற்ற பிறகே உள்ளே போகிறான் என்ற முடிவைப் பாரதியார் சேக்கிழாரிடமிருந்து அப்படியே வாங்கிக்கொண்டார். அங்கே ஒன்றையும் மாற்றவில்லை. அவரைச் சாதி எதிர்ப்பாளர் என்று கொண்டாடுபவர்களும், பழைமைவாதி என்று ஒதுக்குபவர்களும் ஆளுக்கொரு பாதியைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

அந்த வேதியரின் குரல் எவ்வளவு ஆழமாக மக்கள் காதில் பதிந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். சுப்பிரமணிய பாரதியார், சுயராஜ்யம் கேட்கும் இந்தியனைப் பார்த்து ஆங்கிலேய அதிகாரி ஏளனமாகப் பேசுவதாக "தொண்டு செய்யும் அடிமை, உனக்குச் சுதந்திர நினைவோடா?" என்ற பாட்டை எழுதியபோது, அதற்கு மெட்டாகக் குறிப்பிட்டது "மாடு தின்னும் புலையா" பாட்டைத்தான். ஆண்டையின் அதட்டலை ஆட்சியாளனின் வாயில் வைத்தால் கேட்பவருக்கு உடனே விளங்கும் என்று அவர் கணக்கிட்டிருக்கிறார். புராணத்தில் இல்லாத ஒரு பாத்திரம் சில பத்தாண்டுகளுக்குள் இந்த அளவுக்குப் பொதுச்சொத்தாகிவிட்டது.

பாரதியார் சேக்கிழாரை எப்படிப் படித்தார் என்பதை அறிய வேதியர் காட்சியைவிடத் திருப்புன்கூர்க் காட்சியே நல்ல இடம் என்பது என் கருத்து. அங்கே சிவலோகநாதரை நேரே கும்பிட நாயனார் விரும்புகிறார், நந்தி மறைக்கிறது, இறைவன் "போரேற்றை விலங்க" அருள்புரிந்து காட்சி தருகிறான். சேக்கிழாரில் இது ஒரே பாடல். வேண்டுதலும் அருளும் அடுத்தடுத்த அடிகளில் முடிந்துவிடுகின்றன. பாரதியார் அந்த இரண்டு அடிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைப் பிடித்துக்கொண்டு இரண்டு கீர்த்தனைகள் செய்தார். முதலாவது நாட்டைக்குறிஞ்சியில் வழங்கும் "வழிமறைத்திருக்குதே, மலைபோலே ஒரு மாடு படுத்திருக்குதே". இதில் நந்தன் கோயிலுக்குள் வரக் கேட்கவில்லை. தேரடியில் நின்று பார்த்தாலே போதும் என்கிறான். ஓரடி விலகினால் போதும் என்கிறான். கேட்கும் அளவு அடிக்கு அடி சுருங்கிக்கொண்டே போகிறது. இரண்டாவது பூர்விகல்யாணியில் வழங்கும் "சற்றே விலகியிரும் பிள்ளாய், சந்நிதானம் மறைக்குதாமே". இப்போது பேசுவது இறைவன், கேட்பது நந்தி. நந்தன் தேரடியில் நின்று சொன்ன குறையை இறைவன் தன் வாயால் நந்தியிடம் எடுத்துச் சொல்லி, திருநாளைப்போவார் வந்திருக்கிறார் என்று காரணமும் காட்டுகிறான். மாணவர்களுக்கு இந்த இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுப்பது வீண் என்பேன். முதல் பாட்டில் "ஓரடி விலகினால் போதும்" என்ற இடத்தைக் கெஞ்சலாகப் பாடாமல், அதே அடியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதிகளைக் குவித்துவிட்டால், இரண்டாம் பாட்டின் "சற்றே" பொருளிழந்துவிடும். நந்தன் கேட்டது ஓரடி, இறைவன் சொன்னதும் சற்றே, அவ்வளவுதான். திருப்புன்கூருக்குப் போனால் நந்தி நேர்கோட்டிலிருந்து விலகியிருப்பதை இன்றும் பார்க்கலாம்.

இந்தப் பேச்சுத்தமிழ் அவர் காலத்திலேயே எல்லோருக்கும் உவப்பாக இருக்கவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாரதியார் தம் நூலுக்கு அதைப் பாராட்டும் முன்னுரைப் பாடலான சிறப்புப்பாயிரம் கேட்டு நடந்ததும், இலக்கண வழுக்களும் பெரியபுராணத்திலிருந்து விலகிய கதையும் பிள்ளையவர்களுக்குப் பிடிக்காமல் நாள் கடத்தியதும், ஒரு நாள் பாரதியார் காத்திருக்கும் வேளையில் தமக்குத்தாமே "கனகசபாபதி தரிசனம் ஒருநாள் கண்டால் கலிதீரும்" என்று பாடக் கேட்டுப் பிள்ளையவர்கள் மனம் உருகிப் பாயிரம் கொடுத்ததும் உ.வே. சாமிநாதையர் பதிவு செய்தவை. உங்கள் கேள்வியைப் பிள்ளையவர்களே முதலில் கேட்டுவிட்டார் என்றுகூடச் சொல்லலாம். பெரியபுராணத்தைப் பாடமாகச் சொன்ன ஒரு பெரும்புலவர், திரிபு என்று தெரிந்தே பாயிரம் தந்தார். எழுத்தில் படித்தபோது பொறுக்க முடியாதது காதில் விழுந்தபோது பொறுக்கக்கூடியதாகிவிட்டது. நூல் 1860களின் தொடக்கத்தில் அச்சேறியது. காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவர் அதற்கு உதவினார் என்பதும் அறியப்பட்ட செய்தியே.

இனி வாழ்க்கை. நாம் அறிந்ததில் பெரும்பகுதி சாமிநாதையர் வழியாக வந்தது, அவர் அதை நேரில் கண்டவர் என்பதே அதன் வலு. 1871இல், பதினாறு வயதில், பிள்ளையவர்களிடம் தமிழ் படிக்க மாயூரம் (இன்றைய மயிலாடுதுறை) வந்த அவர், தந்தையின் விருப்பப்படி பாரதியாரிடம் இசையும் கற்றார். பிள்ளையவர்களுக்கு இது தெரியவந்ததும், சங்கீதத்தில் ஈடுபட்டால் இலக்கண இலக்கியத்தில் புத்தி ஆழ்ந்து செல்லாது என்று அவர் கருதியதால், பாடம் நின்றுவிட்டது. ஆகவே மாயூரத்து முதிய பாரதியாரைப் பற்றி அவர் எழுதியவை கண்கண்ட சாட்சி; பாரதியாரின் இளமையைப் பற்றியவை பிறர் சொல்லக் கேட்டவை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் பல குழப்பங்கள் தீரும்.

நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்தார், முடிகொண்டானில் வளர்ந்தார், பின் மாயூரத்துக்கு அருகிலுள்ள ஆனந்ததாண்டவபுரத்தில் ஒரு மிராசுதாரின் ஆதரவில் இருந்தார், மணம் செய்துகொள்ளவில்லை, 1896இல் மறைந்தார் என்பவை பொதுவாக ஏற்கப்பட்டவை. பிறந்த ஆண்டை 1810 என்றும் 1811 என்றும் எழுதுகிறார்கள்; எதுவானாலும் அவர் எண்பத்தைந்து வயது வாழ்ந்தவர். மாயூரத்தில் கோவிந்த சிவம் என்பவரிடம் வேதாந்தமும் யோகமும் பயின்றார் என்ற செய்திக்குப் பாட்டிலேயே துணைச் சான்று இருக்கிறது. "ஐயே மெத்த கடினம்" என்ற கீர்த்தனையின் சரணத்தில் வாசி, மூலக்கனல் என்று யோகப் பயிற்சியின் சொற்கள் சரளமாக வருகின்றன. கேள்விஞானத்தால் மட்டும் எழுதியவர் அவற்றை இப்படி ஆளமாட்டார். இந்துஸ்தானி இசையைத் திருவிடைமருதூர் அரண்மனையில் ராமதாஸ் என்ற பாடகரிடம் கேட்டுப் பழகினார் என்பதும் வழங்கிவரும் செய்தி. ஆனால் சிலர் அதைச் "அமரசிம்ம மன்னர் அவையில்" என்று எழுதிவிடுகிறார்கள். அமரசிம்மர் 1798இல் அரசை இழந்து திருவிடைமருதூர் வந்து, பாரதியார் பிறப்பதற்கு முன்பே காலமானவர். அது அவருடைய மரபினரின் அரண்மனையாகத்தான் இருந்திருக்க முடியும்.

திருவையாற்றில் தியாகராஜரைச் சந்தித்த கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சீடர்கள் ஆபோகியில் ஒரு கீர்த்தனையைப் பாடிக்கொண்டிருந்தார்கள். நீர் ஆபோகியில் ஏதேனும் செய்திருக்கிறீரா என்று தியாகராஜர் கேட்டார். பாரதியார் அப்போது விடை சொல்லாமல் போய், அடுத்த முறை "சபாபதிக்கு வேறு தெய்வம் சமானமாகுமா" என்று பாடினார் என்பது கதை. தியாகராஜர் மறைந்தது 1847இல். பாரதியாருக்கு அப்போது வயது முப்பத்தாறு அல்லது முப்பத்தேழு. எனவே காலக்கணக்கு இடம் கொடுக்கிறது. இடம் கொடுப்பது வேறு, நிறுவுவது வேறு. இரு பெரியவர்களைச் சந்திக்க வைத்துப் பார்ப்பதில் நம் மக்களுக்கு எப்போதும் ஓர் ஆசை உண்டு; இந்தக் கதையை நான் மாணவர்களிடம் சொல்லும்போது "சொல்வார்கள்" என்று சேர்த்தே சொல்கிறேன். பாட்டு பாரதியாருடையது என்பதில் மட்டும் ஐயமில்லை. சரணத்தில் "கோபாலகிருஷ்ணன்" என்று ஆசிரியர் தம் பெயரைப் பதிக்கும் முத்திரை தெளிவாக இருக்கிறது.

அந்த முத்திரைதான் உங்கள் மூன்றாம் கேள்விக்கு முதல் அளவுகோல். தில்லை நடராஜரைப் பற்றிய தமிழ்ப் பாட்டு என்றாலே பாரதியார் தலையில் ஏற்றிவிடும் பழக்கம் இருக்கிறது. "காலைத் தூக்கி நின்றாடும் தெய்வமே" அவருக்கு முந்திய மாரிமுத்தாப் பிள்ளையுடையது. "ஆனந்த நடமாடுவார் தில்லை" நீலகண்ட சிவனுடையது. பாரதியார் நந்தனார் சரித்திரம் தவிர, இயற்பகை நாயனார், திருநீலகண்ட நாயனார், காரைக்கால் அம்மையார் ஆகியோர் சரித்திரங்களையும் கீர்த்தனைகளாகச் செய்தார். தனிக் கீர்த்தனைகளும் பல. மற்ற மூன்று சரித்திரங்கள் இன்று மேடையில் அநேகமாக ஒலிப்பதில்லை. நந்தனாரிலும் கீர்த்தனைகளே எஞ்சின. இடையிடையே கதையை நகர்த்தும் நொண்டிச் சிந்து, தண்டகம், கண்ணி, விருத்தம் ஆகியவற்றைக் கச்சேரி உதறிவிட்டது. தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் போன்றோர் ஹரிகதையாக நடத்தியபோது இவையெல்லாம் சேர்ந்தே ஒலித்தன.

இன்னொரு கலப்பு திரைப்படத்தால் வந்தது. 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும் மகாராஜபுரம் விசுவநாதையர் வேதியராகவும் நடித்த படமும், 1942இல் எம்.எம். தண்டபாணி தேசிகர் நடித்த ஜெமினி படமும் கதையை ஊர் ஊராகக் கொண்டுபோயின. பிந்திய படத்துக்குப் பாபநாசம் சிவனும் கொத்தமங்கலம் சுப்புவும் புதிய பாட்டுகள் எழுதினார்கள். அவையும் பாரதியார் பாட்டுகளும் ஒரே குரலில், ஒரே கதையில் கேட்டு மனத்தில் பதிந்ததால், எது யாருடையது என்பது பலருக்கு மங்கிவிட்டது. ஐயம் வந்தால் சரித்திரத்தின் அச்சுப் பிரதியில் அந்தப் பாட்டு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே விடை கிடைத்துவிடும்.

ராகங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய பதிப்புகள் பெரும்பாலும் ராகத்தின் பெயரையும் தாளத்தின் பெயரையும் தந்து நின்றுவிடுகின்றன. ஸ்வரக் குறிப்பு இல்லை. "வருகலாமோ ஐயா" மாஞ்சியிலும், "திருவடி சரணம்" காம்போதியிலும், "இரக்கம் வராமல்" பெஹாக்கிலும் இன்று நிலைபெற்றுவிட்டன. ஆயினும் நாம் பாடும் மெட்டின் ஒவ்வொரு பிடியும் பாரதியார் அமைத்தது என்று சாதிக்க முடியாது. முசிறி சுப்பிரமணிய ஐயர் "திருவடி சரணம்" பாடிய பாணியைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அதுவே மூலம் போல ஆகிவிட்டது. உண்மையில் அது ஒரு பெரிய பாடகர் பாட்டுக்குத் தந்த உருவம். சாகித்தியத்தில், அதாவது பாட்டின் சொற்களில், பாரதியாரைத் தேடுங்கள். சங்கதிகளில் அவருக்குப் பின்வந்தவர்களும் இருக்கிறார்கள்.

நீங்கள் பாட்டுகளைத் தனித்தனியே கேட்டிருப்பதாகத் தெரிகிறது. கதை வரிசையில் கேட்டுப் பாருங்கள்: முதலில் திருப்புன்கூர்ப் பாட்டுகள் இரண்டு, பிறகு "சிதம்பரம் போகாமல் இருப்பேனோ", ஆண்டையிடம் விடை கேட்கும் பாட்டும் அவர் பதிலும், கடைசியில் தில்லை எல்லையில் நின்று பாடும் "வருகலாமோ". நந்தன் தன்னைச் சாதிப்பெயரால் தாழ்த்திச் சொல்லிக்கொள்ளும் அடிகளை இன்று சில பாடகர்கள் விட்டுவிடுகிறார்கள் அல்லது மாற்றிப் பாடுகிறார்கள். மேடையில் அப்படிச் செய்வதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் கேட்டது பாரதியார் என்ன எழுதினார் என்பதை. அதற்கு அந்த அடிகளோடு சேர்த்து அச்சுப் பிரதியை ஒரு முறை முழுமையாகப் படித்துவிட்டு, அதன்பின் சேக்கிழாரின் 37 பாடல்களைப் படியுங்கள். வேதியர் இல்லாத அந்தக் கதையில் தடை எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தால், அவரைப் பாரதியார் எதிலிருந்து உருவாக்கினார் என்பது உங்களுக்கே தெரியவரும்.